மயில் நின்ற பிறகு

டிவியில் என்ன ஓடுகிறது என்பதை அவள் முகத்தை வைத்தே சொல்லிவிடலாம். பாட்டென்றால் வாய் லேசாகத் திறந்துகொள்கிறது. பெரியவர்கள் நின்று பேசும் காட்சி என்றால் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிடுகிறாள். விளம்பரம் வந்தால் முதுகு நிமிர்கிறது. நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து திரை சாய்வாகத்தான் தெரிகிறது. பிள்ளை முழுசாகத் தெரிகிறாள். அதுவே போதும்.

மதுரை செல்லூரில் ஒரு சந்து வீடு. முன்னறைதான் தையல் கடை. மோட்டார் வைத்த மெஷின் ஒன்று, ஓவர்லாக் மெஷின் ஒன்று. தைக்க வந்த துணிகள், அளவு ஜாக்கெட்டோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டிய மூட்டைகளாகச் சுவரோரம் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய துண்டுச்சீட்டு குண்டூசியால் குத்தியிருக்கிறது. வாசற்படிப் பக்கம் அப்பத்தா கால் நீட்டி உட்கார்ந்து, தைத்து முடித்த ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைக்கிறார். அவருக்குப் பக்கத்தில் சேலைத் தொட்டில். உள்ளே கைக்குழந்தை தூங்காமல் கிடக்கிறது. அலமாரியின் மேல்தட்டில் புது டிவி. கீழ்த்தட்டில், 2006-இல் தொடங்கி அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குலக் கலர் டிவிகளில் ஒன்று, உயிர் போன நிலையில், தலைமேல் நூல்கண்டுப் பெட்டியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

"அண்ணே, கை மட்டும் ஏத்தணும். பத்தே நிமிசம்," என்கிறார் தையல்காரம்மா, திரும்பிப் பார்க்காமலே. தையல் கடையில் பத்து நிமிசம் என்றால் எவ்வளவு என்பது முகூர்த்த நாளில் ஜாக்கெட்டுக்குக் காத்திருந்த எல்லோருக்கும் தெரியும். நான் தலையை ஆட்டுகிறேன்.

பிள்ளைக்கு நாலு வயசிருக்கும், பால்வாடிக்குப் போகிற வயசு. அவளுக்குப் பின்னால் அண்ணன், மூணாங்கிளாஸ், கணக்கு நோட்டை மடியில் விரித்துவைத்துக்கொண்டு கணக்கைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். ரிமோட் அவன் தொடைக்கு அடியில் இருக்கிறது. அது அங்கே இருப்பது அவளுக்கும் தெரியும்.

திரையில் இப்போது ம. இடது பக்கம் ஒரு மயில், வலது பக்கம் மஞ்சள் நிறத்தில் பெரிய எழுத்து. மயில் தோகை விரிக்கிறது, சுற்றுகிறது, ஒற்றைக் காலில் நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது. பின்னால் ஒரு பெண் குரல் எழுத்தை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. பிள்ளையின் கண் தோகையோடு சேர்ந்து சுற்றுகிறது. வலது பக்கம் ஓர் எழுத்து நிற்பதே அவளுக்குத் தெரியாது. மயிலைப் படைத்தவர் நன்றாகவே படைத்திருக்கிறார், அதுதான் கோளாறு.

பிறகு மயில் நின்றது. ஏன் நிறுத்தினார்களோ, ஒருவேளை பாட்டில் அந்த இடத்தில் தாளம் அப்படியோ என்னவோ, மயில் அசையாமல் நிற்க, ம மட்டும் ஒரு துள்ளு துள்ளியது. அவள் கண் வலது பக்கம் நகர்ந்தது. உதடு ரெண்டும் ஒட்டின. பிரிந்தன. சத்தம் வரவில்லை.

எழுத்துச் சொல்லித்தருகிற டிவி நிகழ்ச்சி ஒன்றை எடை போடுவதற்கு இந்த ஒட்டிப் பிரிந்த உதட்டைவிட நல்ல சாட்சி கிடையாது என்று நினைக்கிறேன். இப்படிப் பிள்ளைகளின் கண்ணையும் வாயையும் பார்த்துக்கொண்டிருப்பதையே வேலையாக வைத்திருந்த மனிதர் ஒருவர் இருந்தார். எட்வர்ட் பால்மர். அமெரிக்காவில் 'செஸமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சி உருவானபோது அதன் ஆய்வுப் பொறுப்பு அவருடையது. அந்த நிகழ்ச்சியின் விதை 1966-இல் நியூயார்க்கில் ஜோன் கான்ஸ் கூனி என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர் வீட்டு விருந்தில் விழுந்தது. விருந்துக்கு வந்திருந்த லாயிட் மாரிசெட், கார்னகி அறக்கட்டளைக்காரர், தன் மூன்று வயது மகளைப் பற்றிச் சொன்னார். அதிகாலையில் எழுந்து, ஒளிபரப்பே தொடங்காத டிவி முன்னால் உட்கார்ந்து, வெறும் கோடும் கட்டமுமாக நிற்கும் சோதனைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். இவ்வளவு பொறுமையாகப் பார்க்கிற கண்ணுக்கு எதையாவது கொடுக்கலாமே என்று பேச்சு வளர்ந்தது. கூனிக்கு இன்னொரு ஆதாரமும் கையில் இருந்தது. நாட்டிலுள்ள பிள்ளைகள் எல்லாம் டிவி பார்த்துப் பீர் விளம்பரப் பாட்டைத் தப்பில்லாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். விளம்பரப் பாட்டை மனப்பாடம் செய்யும் வாய்க்கு எழுத்து எப்படிக் கஷ்டமாகும்?

ஆகவே எழுத்தையே விளம்பரம் ஆக்கினார்கள். குட்டிக் குட்டித் துண்டுகள், பாட்டு, திரும்பத் திரும்ப வருதல். 1969 நவம்பர் 10 அன்று வந்த முதல் நிகழ்ச்சியை வழங்கியவர்கள் யார் தெரியுமா? டபிள்யூ, எஸ், ஈ என்ற மூன்று எழுத்துகளும் 2, 3 என்ற இரண்டு எண்களும். சோப்புக் கம்பெனி பெயர் வர வேண்டிய இடத்தில் எழுத்தின் பெயர்.

பால்மர் செய்தது இதற்கு முந்தைய வேலை. ஒரு பிள்ளையை டிவி முன் உட்காரவைப்பார். டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு திரை. அதில் ஏழரை நொடிக்கு ஒரு படம் மாறிக்கொண்டே இருக்கும்: கவனத்தைக் கெடுக்கவென்றே வைத்த படங்கள். பிள்ளையின் கண் எந்த நொடியில் டிவியை விட்டுப் பக்கத்துத் திரைக்குத் தாவுகிறது என்று உதவியாளர்கள் குறித்துக்கொள்வார்கள். கண் போன இடத்தைப் பார்த்து நிகழ்ச்சியை வெட்டி ஒட்டுவார்கள். பால்மர் ஏழரை நொடிக்கு ஒன்று என்று கணக்கு வைத்தார். செல்லூர்ச் சந்தில் அதைவிட நெருக்கமாகவே வருகிறது. மெஷின் தடதடக்கிறது. வாசலில் ஒரு பைக் ஹாரன். மல்லிகைப்பூக்காரர் குரல். தொட்டிலிலிருந்து ஒரு சிணுங்கல். "சேலைக்கு ஃபால்ஸ் அடிச்சாச்சா?" என்று ஒரு தலை எட்டிப் பார்க்கிறது. இத்தனைக்கும் நடுவில் இந்தப் பிள்ளையின் கண் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் அந்த நிகழ்ச்சிக்கு மார்க் போட்டுவிடலாம். ம-வுக்கு நல்ல மார்க். அடுத்து வந்த, கண்ணாடி போட்ட ஒரு மாமா மாணவர்களுக்கு அறிவுரை சொல்லும் துண்டுக்குச் சைபர்.

1969 ஜூலையில் செஸமி ஸ்ட்ரீட்காரர்களுக்கு நடந்ததும் இதுவே. ஐந்து மாதிரி நிகழ்ச்சிகளைப் பிலடெல்பியாவில் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டினார்கள். கார்ட்டூனும் பொம்மையும் வந்தபோது பார்த்த கண்கள், தெருவில் மனிதர்கள் மட்டும் நின்று பேசிய காட்சியில் கலைந்துபோயின. கற்பனைப் பொம்மையையும் நிஜ மனிதர்களையும் ஒரே இடத்தில் கலந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்று நிபுணர்கள் சொல்லியிருந்ததால்தான் தெருவில் பொம்மை இல்லை. நிபுணர் பேச்சைத் தள்ளிவைத்துப் பிள்ளைகளின் கண் சொன்னதைக் கேட்டார்கள். அப்படித் தெருவுக்கு வந்ததுதான் எட்டடி உயர மஞ்சள் பறவையும், குப்பைத்தொட்டிக்குள் வசிக்கும் சிடுமூஞ்சியும். நம் ஊர்ச் சேனல்களில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுகிறார்கள். எந்த நொடியில் பார்வை விலகியது என்று யாரும் வந்து தரையில் உட்கார்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

விளம்பரம் முடிந்தது. மறுபடி அதே ம, அதே மயில். அண்ணன் "அய்யோ, இதேதானா?" என்று தலையில் கை வைக்கிறான். அவளுக்கு அலுப்பே இல்லை. மயில் சுற்றும்போதே வலது பக்கம் பார்க்கத் தொடங்கிவிட்டாள். எழுத்து துள்ளப்போவது அவளுக்கு முன்கூட்டியே தெரியும். குரல் சொல்வதற்கு அரை நொடி முன்னால், சத்தமாக, "ம!"

ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்ற நடிகரை வைத்து அந்தக் காலத்தில் ஒரு துண்டு எடுத்தார்கள். மொட்டைத் தலை, கனத்த குரல். ஆங்கில எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வார், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வோர் எழுத்தும் அவர் தலைக்குப் பக்கத்தில் முதலில் தோன்றும். நீண்ட இடைவெளி விட்டுத்தான் வாயைத் திறப்பார். முதல்முறை பிள்ளைகள் அவர் சொன்ன பிறகு சொன்னார்கள். சில முறை பார்த்ததும் எழுத்து தோன்றியவுடன் சொன்னார்கள். இன்னும் சில முறைக்குப் பிறகு, எழுத்து தோன்றும் முன்னரே அடுத்தது இன்னது என்று கத்தினார்கள். கற்றுக்கொடுத்தது அந்தக் குரல் அல்ல, அந்த இடைவெளி. 1996-இல் வந்த 'புளூஸ் குளூஸ்' அதையே பிழைப்பாக்கிக்கொண்டது: கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது, ஒரே நிகழ்ச்சியைத் திங்கள் முதல் வெள்ளி வரை போடுவது. நம் வீடுகளில் சுட்டி டிவி 2007-இல் வந்த பிறகு டோரா தமிழ் பேசினாள். புஜ்ஜியோடு நின்று, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். அப்போது வீட்டுக்கு வீடு பிள்ளைகள் டிவியைப் பார்த்துக் கத்திப் பதில் சொன்னதைப் பெரியவர்கள் கேலி செய்தோம். கேலிக்குரிய விஷயமே இல்லை அது. வாயைத் திறக்கவைப்பது பாதி வேலை.

இப்போது அவள் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். வெட்டித் தள்ளிய துணித் துண்டுகளிலிருந்து ஒரு சரிகை ஓரத்தைக் கண்டெடுத்துப் பொம்மைக்குச் சேலை கட்டுகிறாள்.

"பாக்கலைல்ல? மாத்தப் போறேன்," அண்ணன் ரிமோட்டை உருவுகிறான்.

"பாக்கறேன்!"

"எங்க பாக்கற? அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருக்க."

"பாக்கறேன்டா!" கண் பொம்மையை விட்டு நகரவில்லை.

பொய்யென்று தோன்றும். அவ்வளவு பொய்யில்லை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஆண்டர்சனும் கூட இருந்தவர்களும் 1970-களின் கடைசியில் இதைச் சோதித்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் இரண்டு குழு. ஒரு குழுவின் அறையில் விளையாட்டுப் பொருள்கள், மற்றதில் இல்லை. பொருள் இல்லாத அறைப் பிள்ளைகள் 87 சதவீத நேரம் திரையைப் பார்த்தார்கள். பொருள் இருந்த அறையில் 47 சதவீதம்தான். பிறகு கேள்வி கேட்டால் இரண்டு குழுவும் ஒரே மாதிரி பதில் சொன்னது. பிள்ளைகள் காதை அங்கேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். பார்க்க வேண்டிய இடம் வரும்போது கண் தானே திரும்புகிறது. புரிந்தால் பார்க்கிறார்கள். பார்ப்பதால் புரிவது இரண்டாவதுதான்.

திரும்பினாள். ஏனென்றால் பாட்டு நின்று, ம தன்னந்தனியாக நிற்க, வலது பக்கமிருந்து ஒரு கால் நடந்துவந்து அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது: மா. அடுத்து இடது பக்கமிருந்து ஒரு கொம்பு உருண்டு வந்து முன்னால் நின்றது: மெ. அடுத்து இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால், நடுவில் ம மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழித்தது: மொ. பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இதைச் செய்தவர் யாரென்று தெரியாது; கையெடுத்துக் கும்பிடலாம். தமிழில் எழுத்துச் சொல்லித்தருகிற நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை ஆங்கில ஆப்பிள் பாட்டின் அச்சில் வார்த்தவை. 12 உயிர், 12 படம், 18 மெய், 18 படம், வணக்கம். 247-இல் 216 உயிர்மெய். பிள்ளை தெருவில், கடைப் பலகையில், அம்மாவின் துண்டுச்சீட்டில் சந்திப்பது பெரும்பாலும் அவற்றைத்தான். அதிலும் கொம்பு ஒரு வில்லங்கம். எழுதும்போது மெய்க்கு முன்னால் வருகிறது, ஒலிக்கும்போது பின்னால் போகிறது. ஒரு நாலு வயசுக்காரிக்கு இந்த நியாயத்தைப் புத்தகத்தில் அச்சடித்துப் புரியவைப்பது கஷ்டம். அசைகிற திரையில் சுலபம். டிவிக்கென்று தனியாக ஒரு திறமை இருக்கிறதென்றால் அது இதுதான்: எழுத்தை நடக்கவிடுவது. அமெரிக்காவில் 1971-இல் வந்த 'எலக்ட்ரிக் கம்பெனி' இரண்டு நிழல் முகங்களை எதிரெதிரே வைத்து, ஆளுக்குப் பாதிச் சொல்லைச் சொல்லவைத்து, நடுவில் இரண்டு பாதியையும் ஒட்டிக்காட்டியது. அவர்களுக்கு ஒட்டுவது பிரச்சினை. நமக்கு எந்தப் பக்கம் ஒட்டுவது என்பது பிரச்சினை.

அண்ணனுக்குக் கை துறுதுறுத்துவிட்டது. துணியில் கோடு போடும் நீலச் சாக்கை மேசையிலிருந்து எடுத்துத் தரையில் ம போடுகிறான். "நீ கால் போடு." அவள் சாக்கை முஷ்டியாகப் பிடித்து ஒரு கோடு இழுத்து அதன் தலையை வளைக்கிறாள். கால் ம-வை விட்டு ஒரு முழம் தள்ளிப் போய் நிற்கிறது. "கிட்டத்துல போடுடி." இரண்டாவது கால் ம-வின் மேலேயே ஏறிவிட்டது. "சாக்க வைடா! ஒரு சாக்கு என்ன விலை தெரியுமா?" என்று மெஷினிலிருந்து குரல். யாரும் வைக்கவில்லை.

அப்பத்தா ஊசியில் நூல் கோத்தபடி கேட்கிறார்: "என்னத்தா எழுத்து அது?"

"ம அப்பத்தா. மயிலு."

"இது?"

"அதும் மயிலுதான். காலு வச்ச மயிலு."

"மயிலுக்கு ரெண்டு காலுல்ல இருக்கு?"

பிள்ளை யோசிக்கிறாள். அப்பத்தா சோதிப்பதற்காகக் கேட்கவில்லை. அவருக்கு எழுத்துத் தெரியாது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். அதனால்தான் பிள்ளையும் வாத்தியாரிடம் ஒப்பிப்பதுபோல் நெளியாமல், தெரிந்தவள் தெரியாதவருக்குச் சொல்கிற தோரணையில் சொல்கிறாள். இந்த அப்பத்தா மாதிரி ஆட்களுக்காகவும் ஒருவர் டிவியைப் பயன்படுத்தப் பார்த்தார். பிரிஜ் கோத்தாரி, அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் இருந்தபோது. சினிமாப் பாட்டுக்குக் கீழே அதே மொழியில் அதே வரியை ஓடவிட்டு, பாடப் பாட எழுத்து நிறம் மாறுகிறாற்போல் செய்வது. பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். கண் தானாக வரியோடு ஓடும். 1999-இல் குஜராத்தி நிகழ்ச்சி ஒன்றில் தொடங்கியது. படிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் படிக்கவைக்கும் தந்திரம்.

செஸமி ஸ்ட்ரீட்டின் முதல் வருடங்களிலேயே சாமுவேல் பால், ஜெரி ஆன் போகாட்ஸ் என்ற இருவர் பெரிய அளவில் ஆராய்ந்து, அதிகம் பார்த்த பிள்ளைகள் அதிகம் கற்றார்கள் என்று எழுதினார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். 1975-இல் தாமஸ் குக் என்பவரும் கூட்டாளிகளும் அதே கணக்கை மறுபடி பிரித்துப் பார்த்தார்கள். ஆய்வுக்காரர்கள் வீட்டுக்கே போய், பிள்ளையைப் பார்க்கவையுங்கள் என்று தூண்டிவிட்ட வீடுகளில்தான் பலன் கூடுதல்; யாரும் தட்டிக்கொடுக்காமல் தானாகப் பார்த்த பிள்ளைகளிடம் அது சின்னது என்றார்கள். டிவிக்காரர்களுக்கு இது பிடித்திருக்காது. எனக்கென்னவோ இரண்டுமே சரியென்றுதான் படுகிறது. பிற்காலத்தில் மெலிசா கியர்னி, பிலிப் லெவின் என்ற பொருளாதாரக்காரர்கள் அன்றைய ஆன்டெனாக்களை வைத்து ஒரு கெட்டிக்காரக் கணக்குப் போட்டார்கள். நிகழ்ச்சி தெளிவாகத் தெரிந்த ஊர்களின் பிள்ளைகள், புள்ளி புள்ளியாகத் தெரிந்த ஊர்களின் பிள்ளைகளைவிடப் பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் இருப்பது கூடுதலாக இருந்தது. ஆகத் திரைக்குப் பலம் உண்டு. அந்தப் பலம் அப்பத்தா "என்னத்தா எழுத்து அது?" என்று கேட்கிற வீட்டில் இரட்டிக்கிறது.

தொட்டிலுக்குள் கிடப்பவன் கதை வேறு. சேலை இடுக்கு வழியாக அவனும் திரையின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. 9 மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சீன மொழி பேசிப் பார்த்தவர் பாட்ரிசியா கூல். 2003-இல் வெளியான ஆய்வு. எதிரில் ஆள் உட்கார்ந்து பேசியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. அதே ஆள், அதே பேச்சு, டிவியில் வந்தபோது ஒன்றுமே ஏறவில்லை. அப்பத்தா அதைப் படித்ததில்லை. கொக்கியைக் கீழே வைத்துவிட்டு, தொட்டிலுக்குள் தலையை நுழைத்து, "யாரு? யாரு என்னயப் பாக்கறது?" என்கிறார். அவன் முழு உடம்பாலும் பதில் சொல்கிறான்.

மெஷின் நின்றது. "பாப்பா, அம்மாக்கு ஒரு வேலை செய்யி. மல்லிகா அத்தைத் துணிய எடுத்துட்டு வா. மயிலு எழுத்து போட்ட சீட்டு. மொதல்ல மயிலு."

அவள் எழுந்து சுவரோர மூட்டைகளிடம் போனாள். ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்தாள். ஒன்றைத் தொட்டு, விட்டு, அடுத்ததற்குப் போய், திரும்பி வந்து, பச்சைத் துணி மூட்டை ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

தையல்காரம்மா சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "இது தேன்மொழிதுடி. மல்லிகாது கேட்டேன். போ, போய் ஒழுங்கா பாரு."

"இதுல மயிலு இருக்கு."

"எங்க இருக்கு? தே... தேன்... இதுல ஏது மயிலு?"

"இருக்கு!"

அண்ணன் கணக்கு நோட்டைப் போட்டுவிட்டு எழுந்து வந்து, அம்மாவின் கையிலிருந்த சீட்டுக்குள் தலையை நுழைத்தான். "ஆமாம்மா. நடுவுல இருக்கு பாரு. கொம்புக்கும் காலுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு."

"எங்கம்மா?" என்று அப்பத்தாவும் எழுந்து வருகிறார்.

"எனக்கு இருக்கற வேலைல..." தையல்காரம்மா பச்சை மூட்டையை மேசையில் போட்டார். "சரி, இது கெடக்கட்டும். மல்லிகாதையும் எடுத்துட்டு வா. மயிலு மொதல்ல இருக்கணும், சொல்லிட்டேன். அண்ணே, இன்னும் பத்தே நிமிசம்."